ஏழடித் தண்ணீர்

சென்ற மாதம் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்றில் சின்னதாய் ஒரு குழி. நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அந்த இளம் மருத்துவர் சொன்னார்: "கொஞ்சம் நல்ல பல்லையும் சேர்த்துத்தான் எடுக்கணும் மேடம். இல்லேன்னா அடைக்கிறது பிடிக்காது." வாய் திறந்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால், அது எனக்குத் தெரியும், நானும் அந்த வேலை பார்த்தவள்தான் என்று சொல்லியிருப்பேன். அவர் பயந்துபோயிருப்பார்.

பிறகு பக்கத்து மேசையில் உதவியாளர் எதையோ ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைத்தார். அந்த வாசனை வந்தது. இனிப்பும் எரிச்சலும் கலந்து, மூக்கின் வழியாகப் போய் நெற்றிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிற வாசனை. கண்ணை மூடினேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், ஒரு சிமெண்ட் ஓட்டுக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

அது ஜாபர் அண்ணனின் ஃபைபர் பட்டறை. சேலத்துக்காரர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். லாரியின் முகப்புக்கு மேலே தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, வைசர், அதைத்தான் முக்கியமாகச் செய்தோம். கண்ணாடி இழையால் ஆன பாயை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, உருளையால் அழுத்தி, காய்ந்ததும் உரித்து எடுப்பது. பார்க்கப் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கிற ஒன்று அரை மணி நேரத்தில் கல்லாக மாறிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஒரு சின்ன மாயமாகத்தான் இருந்தது.

நான் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்தவள். ஆட்டையாம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்பாவுக்குத் தறி. மகள் ஏதோ பெரிய தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்திருப்பதாக அவர் தெருவில் சொல்லி வைத்திருந்தார். தொழிற்சாலையில் மொத்தம் ஐந்து பேர், ஒரு நாய். நான் அதை மறுத்ததில்லை. எங்கள் ஊர் முறுக்கை வாரம் ஒருமுறை வாங்கிப் போவேன். பட்டறைக்குள் தின்றால் முறுக்கிலும் ரெசின் வாசனைதான் அடிக்கும். அதனால் எல்லோரும் சாலையோரம் வரிசையாக நின்று, போகிற லாரிகளில் எது எங்கள் வைசர் என்று கண்டுபிடித்துக்கொண்டே தின்போம்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு தை மாதக் காலையில்தான் ரிக் வண்டியின் துணை லாரி ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்றது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காக நாடு முழுவதும் சுற்றுகிறவை. முன்னால் ரிக் போகும், பின்னால் ராடு என்கிற இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு துணை லாரி போகும். இந்த லாரியில் குழாய்களுக்கு நடுவே, வைக்கோலும் சாக்கும் சுற்றி, நீல நிறத்தில் ஏதோ ஒன்று படுத்திருந்தது.

இறங்கியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். நாற்பது வயது. வெயிலில் கருத்துச் செம்பாகிய முகம். பெயர் அர்த்தநாரி.

"ஜாபர் பாயுங்களா? ஃபைபர்ல ஓட்டை விழுந்தா அடைப்பீங்கன்னு சொன்னாங்க."

"என்ன வண்டிங்க?" என்றார் ஜாபர் அண்ணன்.

"தண்ணி வண்டிங்க."

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தண்ணி வண்டி என்றால் எங்கள் பக்கம் குடிகாரன். அர்த்தநாரியும் சிரித்தார். சாக்கை விலக்கினார். வாட்டர் ஸ்கூட்டர்.

நாங்கள் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை. மேல்பாதி மோட்டார் சைக்கிள் மாதிரியும், கீழ்ப்பாதி மீன் மாதிரியும் இருந்தது. மேற்குக் கடற்கரையில் ஒரு விடுதிக்குப் போர் போடப் போன இடத்தில், பின்கட்டில் கேட்பாரற்றுக் கிடந்ததாம். விடுதிக்காரர் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். இன்ஜினை அர்த்தநாரியின் சொந்த மெக்கானிக்கே சரி செய்துவிட்டார். ஆனால் வருகிற வழியில் மலைப்பாதை வளைவொன்றில் கட்டு நழுவி, குழாய்கள் சரிந்து, அதன் அடிவயிற்றில் இடித்துவிட்டன. இடது பக்கம், கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றி எட்டுக்கால் பூச்சி கால் பரப்பியது போல விரிசல்கள்.

"என்ற ராடே குத்திருச்சுங்க" என்றார், ஏதோ தன் மாடு முட்டிவிட்டதைப் போல.

"இத எங்க ஓட்டுவீங்க?"

"வெண்ணந்தூர்ப் பக்கம் என்ற பொண்டாட்டி ஊருல ஏரி ரொம்பியிருக்குதுங்க. பதினோரு வருசம் கழிச்சு. ஏழடி நிக்குது. நானே ராடு விட்டு அளந்தேன்."

ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று பூமிக்குள் போய்த் தண்ணீர் தேடுகிறவர், ஏழடி என்று சொன்னபோது அந்தக் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அவருடைய நோக்கத்தை அன்றே மறைக்காமல் சொல்லிவிட்டார். மனைவிக்காக. அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் வற்றுவதற்குள் வேண்டும் என்றார். ஜாபர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படகு என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் சேலத்தை விட்டால் ஏற்காடு மட்டும் போயிருந்தார், நான் அதுவும் இல்லை. ஆனால் ஃபைபர் ஃபைபர்தானே என்று அவர் கண்ணில் தெரிந்தது. என் கண்ணிலும் அதுவே தெரிந்திருக்க வேண்டும்.

கவிழ்த்துப் போட்டுப் பழைய லாரி டயர்களின்மேல் வைத்தோம். சோப்புப் போட்டுக் கழுவினோம். உடைந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற அளவோடு நிற்பதில்லை. உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் பாய்கள், அடி விழுந்தால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோயிருக்கும். மேலே வழவழவென்று இருக்கும், உள்ளே பிரிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாணயத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக இருக்கிற இடம் டக் டக் என்று கணீரென்று சொல்லும். பிரிந்த இடம் தொண்டை கட்டியது போல டொப் என்று சொல்லும். டிப்ளமோவில் இதெல்லாம் சொல்லித் தந்திருந்தார்கள். பட்டறையில் எனக்கு மட்டும் தெரிந்த வித்தை என்பதால் கொஞ்சம் அலட்டிக்கொண்டே செய்தேன். மெழுகுக் குச்சியால் வட்டம் போட்டேன்.

ஓட்டையைச் சுற்றி டொப். அதை வட்டத்துக்குள் கொண்டுவந்தேன். அதிலிருந்து ஒரு முழம் பின்னால், அடிப்பாகத்தில் தண்ணீரை உள்ளே இழுக்கிற சல்லடைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அதுவும் டொப் என்றது. கொஞ்சம்தான். மேலே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மிதவைக்காக அடைத்திருக்கும் நுரைப்பஞ்சு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் சத்தம் மாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீண்டும் தட்டவில்லை. வட்டமும் போடவில்லை.

பிறகு அரைக்கும் வேலை. ஓட்டை கை அளவு என்றால், அதைச் சுற்றி இரண்டு சாண் அளவுக்கு நல்ல பாகத்தையும் கிரைண்டரால் சரிவாக அரைத்து எடுக்க வேண்டும். தட்டின் விளிம்பு மாதிரி மெல்ல மெல்ல இறங்க வேண்டும். அப்போதுதான் புதிய பாய் பழையதை ஒட்டிப் பிடிக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு நானே அரைத்தேன். கூரை ஓட்டில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கோல் கோலாக இறங்கும். வெள்ளைத் தூள் அந்தக் கோல்களுக்குள் ஏறி, ஏறி, இறங்காமல் நிற்கும். கிரைண்டரை நிறுத்தினால் காதுக்குள் ஒரு பெரிய அமைதி. சாலையில் லாரி போவதுகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருக்கும். அந்த நீல மீன் வயிறு திறந்து படுத்திருக்க, நான் மட்டும் எங்கோ கடலுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

வாரம் ஒருமுறை அர்த்தநாரி வருவார். வந்ததும் வண்டியைப் பற்றிக் கேட்க மாட்டார். "ஆறே முக்கால்" என்பார். அடுத்த வாரம், "ஆறரைக்குக் கொஞ்சம் கீழ." ஏரிக்குள் ஒரு ராடை நட்டு வைத்து அளந்துகொண்டிருந்தார். கீழே மூன்றடித் தண்ணீராவது இல்லாவிட்டால் இந்த வண்டி சேற்றை உறிஞ்சி நின்றுவிடும் என்று அவருடைய மெக்கானிக் சொல்லியிருந்தார். மதகு வழியாக வயலுக்கும் போகிறது, வெயிலுக்கும் போகிறது.

பாய் அடுக்கு முடிந்தது. நிறம்தான் எங்களைப் படாத பாடு படுத்தியது. நீலம் என்று சொல்லிவிடுகிறோம். வெள்ளையில் நீலம் கலந்தால் பள்ளிக்கூடச் சுவர் வருகிறது. கொஞ்சம் பச்சை சேர்த்தால் மயில். ஒரு சொட்டுக் கறுப்பு விட்டால் திடீரென்று பழையதாகிவிடுகிறது. காலையில் பொருந்திய நீலம் மத்தியானம் பொருந்தாது. ஜாபர் அண்ணன் பழைய அட்டைகளில் கோடு கோடாகத் தடவிச் சுவரெல்லாம் சாய்த்து வைத்தார். கொஞ்ச நாள் எங்கள் பட்டறை, எங்கோ இருக்கிற பல கடல்களைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்தது போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜாபர் அண்ணன் தொழுகைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் கடைசிப் பூச்சைத் தண்ணீர் விட்டு வழுவழுப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் நேராக உள்ளே வந்தாள். வாயல் புடவை, கையில் மஞ்சள் பை. முப்பத்தைந்து வயது இருக்கும்.

"அர்த்தநாரி வண்டி இங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"அவரு ஊட்டுக்காரி. கலாமணி."

நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எங்க ஓட்டை?"

"இங்கதாங்கக்கா இருந்துச்சு." காட்டினேன். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"இதுக்குத்தான் வாரவாரம் ஓடியாராரு" என்றாள். "என்கிட்ட ஒண்ணுஞ் சொல்லல. சொன்னாலும் நான் பேசப் போறதில்ல."

பிறகு தானாகவே சொன்னாள். தெரியாதவர்களிடம் சொல்வது சிலருக்குச் சுலபம். போன வருடம் அவளுடைய அப்பா இறந்தபோது அர்த்தநாரி வடக்கே எங்கோ காட்டுக்குள் ரிக்கோடு இருந்தார். தகவல் போய்ச் சேரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தியே நின்றிருக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை.

"அவரு மேல தப்பில்லைன்னு எனக்கும் தெரியுங்க அம்மிணி. ஆனா வாயத் தொறந்தா அழுகையா வருது. அதனால பேசறதில்ல. சோறாச்சுன்னா தட்ட வெப்பேன். அவ்வளவுதான்."

மறுபடியும் அந்த நீலத்தைத் தடவினாள்.

"எங்கப்பன் கெணத்துலதான் நான் நீச்சல் பழகுனேன். இடுப்புல கயித்தக் கட்டி எறக்கி உடுவாரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு ஊரே கேட்டுச்சு. அப்பறம் இவரு எங்க தோட்டங்காட்டுல போர் போட்டாரு. போருல தண்ணி வந்துச்சு. கெணறு வத்திப் போச்சு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "அது தெரியும் அவருக்கு. அதான் இந்தக் கூத்து."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"ஏனுங்க அம்மிணி, இது முங்காதுங்களா?"

"முங்காதுக்கா" என்றேன்.

அவள் போன பிறகு உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். தேய்க்க முடியவில்லை. முங்காது என்று அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது. நாணயத்தை எடுத்தேன். சல்லடைக்குப் பக்கத்தில் தட்டினேன். டொப். இப்போது அதன்மேல் எங்கள் புதிய நீலமும் இருந்தது, பளபளவென்று. ஓட்டத்தில் அந்த இடம் பிளந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இன்ஜின் கனம். ஒரு நிமிடம்கூட ஆகாது. நீச்சல் தெரிந்தவள்தான். ஆனாலும் அவளிடம் அவர் மீண்டும் ஒரு தடவை போய்ச் சேராமல் போனவர் ஆகிவிடுவார். அதற்கு நான் காரணமாக இருப்பேன்.

தொழுகை முடிந்து ஜாபர் அண்ணன் வந்தார். தலையில் இன்னும் தொப்பி இருந்தது. சொன்னேன். அவர் என் கையிலிருந்த நாணயத்தை வாங்கித் தானே தட்டினார். டக், டக், டக், டொப்.

"இது எப்போ தெரியும் உனக்கு?"

"மொத நாளே, அண்ணே."

எழுந்து வெளியே போய்விட்டார். எதிர்க்கடையில் டீ குடிப்பது தெரிந்தது. ஒரு டீயை அவ்வளவு நேரம் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து கிரைண்டரின் வயரைச் சொருகினார்.

"நம்ம வைசர் ஒடஞ்சா ரோட்டுல விழும்மா. டிரைவர் எறங்கித் திட்டிட்டுப் போவான். இது அப்படி இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அர்த்தநாரிகிட்ட யாரு சொல்றது? நானா, நீயா?"

"நான் சொல்றேண்ணே."

அவர் ஏற்கெனவே அரைக்க ஆரம்பித்திருந்தார். மூன்று நாள் தேய்த்து, மெருகேற்றி, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்த நீலம் பறந்து கூரைக்குப் போனது. உள் அடுக்கு திறந்ததும் அதிலிருந்து ஈரம் கசிந்தது. பழுப்பாய், ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. கடல் விடுதியில் கிடந்த காலத்திலேயே அந்த இடம் பிரிந்து, உள்ளே தண்ணீர் தங்கியிருக்கிறது. ரெசின் கலந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற நான், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

நான் முதன்முதலில் கண்ட கடல் அதுதான். ராசிபுரம் சாலையில், ஒரு சொட்டு.

அடுத்த நாள் அர்த்தநாரி வந்தார். வண்டியை எடுத்துப் போகலாம் என்ற நினைப்பில் லாரியோடு வந்திருந்தார். திறந்து கிடந்த வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நேராகவே சொன்னேன். முதல் நாளே சத்தம் கேட்டது, ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன், என் தப்புதான், இன்னும் மூன்று வாரம் ஆகும்.

அவர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"ஆறடி இருக்குதுங்க அம்மிணி. நாளுக்கு ஒரு விரக்கடை எறங்குது."

"தெரியுங்கண்ணா."

டயர்மேல் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எங்க வேலைல, எழுநூறு அடி போனதும் போர் போடச் சொன்ன காட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. ஈரம் தெரியுது, இன்னும் அம்பதடி போலாம்னு சொல்லீரலாம். சந்தோசமா இருப்பாங்க. இல்லீங்க, இங்க தண்ணி இல்லைன்னு சொல்றதுதான் கஷ்டம். நான் அதச் சொல்லாம உட்டதும் உண்டு." எழுந்தார். "அறுங்க. நல்லா அறுத்துப் போடுங்க."

ஈரம் காய்வதுதான் பெரும்பாடு. நுரைப்பஞ்சை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டோம். ஆனால் பழைய அடுக்குக்குள் ஊறியிருந்த ஈரம் லேசில் போகவில்லை. பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காகத் தொங்கவிடும் மூடி போட்ட பல்புகளை ஜாபர் அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். நான்கு பல்புகளை அந்த வயிற்றுக்குள் இறக்கினோம். பகலெல்லாம் நீல ஓட்டுக்குள் மஞ்சள் வெளிச்சம். வைசர்களுக்கு நடுவே அது ஏதோ குஞ்சு பொரிக்கப் போகிற மாதிரி அடைகாத்துக் கிடந்தது. வருகிற லாரி டிரைவர்களெல்லாம் ஒரு தடவை குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஏன் பார்க்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

காய்ந்த பிறகு மீண்டும் அரைத்து, மீண்டும் பாய் அடுக்கி, உள்பக்கமிருந்தும் இரண்டு அடுக்குக் கொடுத்தோம். மாசி வெயில் ஏறிவிட்டிருந்தது. இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் கப்பிலேயே ரெசின் புகைந்து கட்டியாகிவிடும். அதனால் காலை ஏழு மணிக்கே வேலை. உருளையை வைத்து ஒரு குமிழ்கூட இல்லாமல் அழுத்துவேன். இந்தத் தடவை தினமும் மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். அலட்டிக்கொள்ளவில்லை. டக், டக் என்று முழு வயிறும் ஒரே குரலில் பேசிய நாளன்று, ஜாபர் அண்ணன் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார். நிறம் மட்டும் பொருந்தவேயில்லை. இரண்டாவது ஒட்டு பழையதைவிட ஒரு சாயல் பச்சையாகிவிட்டது. திரும்பவும் நிறம் தேடிக்கொண்டிருந்தால் ஏரி போய்விடும். அப்படியே விட்டுவிட்டோம்.

ஏரியில் மோட்டார் வைத்த ஒன்றை விடலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி யாருக்கும் தோன்றவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜாபர் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். கரையில் சின்னக் கூட்டம். சுற்றிலும் கருவேல மரங்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. தெற்குக் கரையில் ஒற்றைப் பனை. நடுவில் அசையாத தண்ணீர், அதில் வானம். அர்த்தநாரி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கல்யாணத்துக்கு வந்தவர் போல நின்றிருந்தார்.

"நாலரை" என்றார் எங்களைப் பார்த்ததும்.

கலாமணி புடவைமேல் அவருடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மெக்கானிக் கற்றுக்கொடுத்ததைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். காற்றடித்த டியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். கணவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் மெதுவாகத்தான் போனாள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி. ஏரியின் நடுவுக்குப் போனதும் ஒரு முறை நின்று, கரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விட்டாள். அந்தச் சத்தம், கொக்குகள் எழுந்தது, பின்னால் வெள்ளையாய் இரண்டாகப் பிரிந்து விழுந்த தண்ணீர். கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. ஏனென்று தெரியவில்லை, எல்லோரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வட்டமடித்தாள். பெரிய வட்டம், பிறகு அதற்குள் ஒரு வட்டம். முடி அவிழ்ந்து பறந்தது. ஒவ்வொரு முறை எங்கள் பக்கம் சாயும்போதும் அந்த அடிவயிறு தெரியும், பச்சை கலந்த ஒட்டோடு. நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஓட்டினாள் என்று சொல்லத் தெரியவில்லை. அழுதாளா என்றும் தெரியவில்லை. முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

பிறகு இன்ஜின் இருமியது, நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஏரியின் நடுவில் நீலமும் காக்கியுமாக அவள் மிதந்துகொண்டிருந்தாள். அலைகள் வந்து வந்து கரையில் அடங்கின.

அர்த்தநாரி தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முழங்கால், இடுப்பு, மார்பு. அவருக்கு நீச்சல் தெரியாது. வாழ்நாளெல்லாம் தண்ணீரைத் தேடியவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை என்று மெக்கானிக் என் காதருகே சொன்னார். கைகளை மேலே தூக்கிக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடந்தார்.

தண்ணீரின்மேல் குரல் தெளிவாக வரும். எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க, அங்கயே நில்லுங்க. அதுக்கு மேல குழி இருக்குது. நான் வாரேன்."

வண்டியிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் நீந்தி வந்தாள். அவ்வளவு அழகான நீச்சலை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவர் நின்ற இடத்துக்கு வந்ததும் அவளும் காலூன்றி நின்றாள். வண்டி இருவருக்கும் நடுவில். உடனே கரைக்கு வருவார்கள் என்று நினைத்தோம். வரவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள்தான் அதிகம் பேசினாள். வெகுநேரம். வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவர் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

ஜாபர் அண்ணன் என் தோளைத் தொட்டார்.

"நாம கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கலாம்மா."

திரும்பி நின்றோம். கூட்டமும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டது. எதிரே சோளக்காடு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரைக்கு வந்ததும் நான் இருக்கையைத் தூக்கிவிட்டு உள்ளே கையை விட்டேன். மூலையெல்லாம் தடவினேன். காய்ந்திருந்தது. கலாமணி புடவையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்து, "முங்கலீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சித்திரைக்குள் ஏரி வற்றிவிட்டது. அடுத்த வருடம் மழை இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. வண்டி அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருப்பதாகவும், கோழி அதன் இருக்கைக்கு அடியில் முட்டையிடுவதாகவும் அர்த்தநாரி ஒருமுறை சொன்னார். ரிக்கில் தன் பங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். பிறகு நான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனேன். சாலையை அகலமாக்கியபோது பட்டறையின் முன்பாதி போனது. லாரிகள் கம்பெனியிலிருந்தே வைசரோடு வர ஆரம்பித்ததும் பின்பாதியும் போனது. ஜாபர் அண்ணன் இப்போது சேலத்தில் குளியலறைக் கதவுகள் செய்கிறார், நன்றாக இருக்கிறார். கலாமணியும் அர்த்தநாரியும் நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டோடு எங்கோ போய்விட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

போன வருடம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காரை நிறுத்தி ஏரிக்குள் இறங்கினேன். தண்ணீர் இல்லை. கருவேல மரங்களை வேரோடு எடுத்துவிட்டார்கள். கரையைச் சிமெண்ட் போட்டு உயர்த்தி, நடைபாதை கட்டியிருக்கிறார்கள். அடையாளத்துக்கு நான் நினைத்து வைத்திருந்த தெற்குக் கரைப் பனையும் இல்லை. வெடித்த மண்ணில் நத்தை ஓடுகள் காலில் மிதிபட்டு நொறுங்கின. இங்கேதான் நின்று பேசினார்கள் என்று ஓரிடத்தில் நின்று பார்த்தேன். இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி. தள்ளி நின்று பார்த்தேன். அங்கிருந்து கரை மிகப் பக்கத்தில் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்காது.